வீராவின் அண்ணன்: லான்சர் எவலூஷனின் ராலிப் பயணம்

மலேசியத் தாமான்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு பழைய புரோட்டோன் வீரா நிற்கும். முன் பம்பரில் வாயைப் பிளந்தது போல் பெரிய துளை, போனட்டில் காற்றுத் துவாரங்கள், பின்னால் மேசை போல் உயர்ந்து நிற்கும் இறக்கை. நிறுத்தி வைத்திருக்கும்போதே ஓடுவது போல் ஒரு பாவனை. வாங்கும்போது வீரா அப்படி இருப்பதில்லை. அது தன் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த அண்ணனின் பெயர் மிட்சுபிஷி லான்சர் எவலூஷன். இரசிகர்கள் செல்லமாக அழைப்பது ‘எவோ’.

1993-இல் வெளிவந்த வீராவின் உடல் அன்றைய லான்சரின் உடல்தான். முதல் மூன்று எவோக்களும் அதே உடலில் பிறந்தவை. ஆகவே எவோ 3-இன் பம்பரும் போனட்டும் வீராவுக்குப் பெரிய தொல்லையின்றிப் பொருந்திவிடும். இன்னும் துணிச்சல் மிக்கவர்கள் ஜப்பானிலிருந்து ‘ஹாஃப் கட்’ ஆக வந்து இறங்கும் பாதிக் காரை வாங்கி, அதன் டர்போ இஞ்சினையே வீராவுக்குள் இறக்கிவிடுவார்கள். (வீரா என்பது நம் ‘வீரன்’ தான் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? சத்ரியா, புத்ரா, பெர்டானா என்று புரோட்டோன் வைத்த மற்ற பெயர்களும் சமஸ்கிருத வேரிலிருந்து மலாய்க்குச் சென்றவையே. க்ஷத்திரியனும் புத்திரனும் பிரதானமும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தார்கள்!)

எவோ வெறும் அலங்காரத்திற்குப் பெயர்போன கார் அன்று. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக ராலி ஓட்டுநர் பட்டத்தை வென்ற கார் அது. 2002-இல் ஒரு மலேசியரை உலக வெற்றியாளர் ஆக்கியதும் அதே கார்தான். இந்த இரண்டு சாதனைகளுக்கும் வேர் ஒன்று: போட்டியில் ஓடிய எவோ, கடையில் விற்ற எவோவிலிருந்து அதிகம் விலகவில்லை. ஏன் விலகவில்லை, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதே இக்கட்டுரை.

மண் சாலையும் நான்கு சக்கரமும்

ஃபார்முலா 1 பந்தயத்தை நாம் அனைவரும் அறிவோம். செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை அது நடந்தது. ராலி அதிலிருந்து வேறுபட்டது. இங்கே ஓடுதளம் கிடையாது. காட்டுச் சாலை, மலைச் சாலை, பனி மூடிய சாலை, தோட்டத்துச் செம்மண் சாலை ஆகியவையே களம். கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு அனுப்பப்படும், கடிகாரத்தோடுதான் போட்டி. ஓட்டுநரின் பக்கத்தில் துணை ஓட்டுநர் அமர்ந்து, வரப்போகும் வளைவின் கூர்மையைக் குறிப்பேட்டிலிருந்து வாசித்துக்கொண்டே வருவார். அவர் ஒரு வரியைத் தவறாக வாசித்தால் கார் மரத்தில் இருக்கும்.

சரளைக்கல் சாலையில் டயருக்குப் பிடிப்பு குறைவு. 300 குதிரைத்திறனை இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் கொடுத்தால் அவை சுழன்று கல்லை வாரி இறைக்குமே தவிர கார் முன்னேறாது. அதே ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொரு டயரும் தன்னால் தாங்கக்கூடிய பங்கை மட்டும் சுமக்கும். ஜெர்மனியின் ஆவ்டி குவாட்ரோ 1981-இல் உலகப் போட்டிக்கு வந்து இதை நிரூபித்தது. அதன்பின் நான்கு சக்கர இயக்கமும் டர்போவும் இல்லாமல் ராலியில் பட்டம் வெல்வது மிகக் கடினமாகிவிட்டது.

டர்போவின் தத்துவம் எளிது. இஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகத்தானே போகிறது? அது ஒரு சிறு விசிறியைச் சுழற்றட்டும்; அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கட்டும். காற்று அதிகமானால் எரிபொருளையும் அதிகம் எரிக்கலாம். இரண்டு லிட்டர் இஞ்சின் மூன்று லிட்டர் இஞ்சின் போல் உழைக்கும். குறை ஒன்று உண்டு. கால் எடுத்தால் புகை குறையும், விசிறி தளரும். மீண்டும் மிதிக்கும்போது ஆற்றல் வருவதற்குத் தாமதமாகும். ராலியில் இந்தத் தாமதத்தைப் போக்க ஒரு முரட்டு வழியைக் கையாண்டனர். ஓட்டுநர் கால் எடுத்த பிறகும் எரிபொருளைப் புகைக்குழாய்ப் பக்கம் எரியவிட்டு விசிறியைச் சுழலவைப்பது. ராலிக் கார்கள் வளைவுகளில் பட்டாசு போல் வெடிப்பது இதனால்தான். டர்போவுக்கும் புகைக்குழாய்க்கும் அது பெரும் தண்டனை. ஆனால் வளைவிலிருந்து வெளிவரும்போது ஆற்றல் உடனே கிடைக்கும்.

இந்த ஆற்றலுக்கு வரம்பு கட்ட, டர்போவுக்குள் காற்று நுழையும் வாயில் 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தை 1995 முதல் பொருத்தச் சொன்னது அனைத்துலக வாகன விளையாட்டுக் கூட்டமைப்பு. அதே ஆண்டு ஸ்பெயினில், டொயோட்டா செலிக்கா கார்களில் அந்த வளையம் இரகசியமாக நகர்ந்து, பக்கவாட்டில் கூடுதல் காற்றை விடும் ஒரு பொறி கண்டுபிடிக்கப்பட்டது. சோதனைக்குக் கழற்றினால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், பூட்டினால் ஏமாற்றும். கூட்டமைப்பின் தலைவரே அதன் நுட்பத்தை வியந்துவிட்டு, டொயோட்டா குழுவை ஓராண்டு வெளியேற்றினார். 34 மில்லிமீட்டர் எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விற்றால்தான் ஓட்டலாம்

1980-களின் நடுப்பகுதியில் ‘குரூப் பி’ என்ற பிரிவில் ஓடிய கார்கள் பெயருக்குத்தான் கார்கள். 200 எண்ணிக்கை தயாரித்தால் போதும் என்பது அன்றைய விதி. ஆற்றல் கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. 1986-இல் போர்த்துகலில் ஒரு கார் கூட்டத்திற்குள் புகுந்து பார்வையாளர்கள் மாண்டனர். அதே ஆண்டு மே மாதம் கோர்சிகா தீவில் ஹென்ரி டொய்வோனெனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் எரிந்து மாண்டனர். அத்துடன் அப்பிரிவுக்கு மூடுவிழா. 1987 முதல் ‘குரூப் ஏ’ முதன்மைப் பிரிவானது. அதன் விதி: போட்டியில் ஓட்ட விரும்பும் காரை முதலில் ஆயிரக்கணக்கில் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்க வேண்டும். முதலில் 5,000, பின்னர் 2,500.

மிட்சுபிஷி அப்போது கேலன்ட் விஆர்-4 என்ற காரை ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் 4ஜி63 என்ற 1,997 சிசி டர்போ இஞ்சின் உறுதியானது. ஆனால் கார் பெரியது, குறுகிய சாலைகளுக்கு ஏற்றதல்ல. தீர்வு எளிமையானது: அந்த இஞ்சினையும் நான்கு சக்கர இயக்கத்தையும் எடுத்துச் சிறிய லான்சருக்குள் வைப்பது. 1992 அக்டோபரில் முதல் எவோ விற்பனைக்கு வந்தது. 250 குதிரைத்திறன், சுமார் 1,240 கிலோ எடை. விதிக்காக 2,500 கார்கள் செய்தார்கள். அவை விரைவில் தீர்ந்து போய், மேலும் தயாரிக்க வேண்டியதாயிற்று.

ஜிஎஸ்ஆர், ஆர்எஸ் என்று இரண்டு வகையில் அது விற்கப்பட்டது. ஆர்எஸ் வகையில் குளிர்சாதனம் இல்லை, மின்கண்ணாடி இல்லை, ஆடம்பரம் எதுவும் இல்லை. போட்டிக்குக் கொண்டுபோகிறவன் எப்படியும் கழற்றி எறியப் போகிறான், அவனிடம் ஏன் பணம் வாங்க வேண்டும் என்ற கணக்கு! ஒரு பெரிய நிறுவனம் தன் விலைப்பட்டியலிலேயே இப்படி ஓர் ஏழைச் சகோதரனை வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அதன்பின் எவோ ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை மாறியது. எவோ 2 1994-இல், எவோ 3 1995-இல், எவோ 4 1996-இல். ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணம் ராலிதான். இஞ்சின் சூடானதா? கடையில் விற்கும் காரின் பம்பர் துளையைப் பெரிதாக்கு. வேகத்தில் பின்பக்கம் மிதக்கிறதா? கடையில் விற்கும் காரின் இறக்கையை உயர்த்து. எவோ 5-இல் சக்கரங்களின் அகலத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. ஆகவே 1998-இல் ஜப்பானில் காய்கறி வாங்கப் போகும் எவோவுக்கும் மட்காட் புடைத்து, 17 அங்குலச் சக்கரமும் பிரெம்போ பிரேக்கும் வந்து சேர்ந்தன. தாமானில் வீரா மாட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய வாய் பம்பர், அழகுக்காக வரையப்பட்டதன்று. ஆப்பிரிக்க வெயிலிலும் இஞ்சின் கொதிக்காமல் இருக்க வரையப்பட்டது.

மாக்கினெனின் நான்கு ஆண்டுகள்

மிட்சுபிஷியின் ஐரோப்பிய ராலிக் குழு இங்கிலாந்தின் ரக்பி நகரில் இயங்கியது. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ கோவன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தாமே பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். லான்சர் என்ற பெயருக்கும் ராலியில் முன்பே மரியாதை இருந்தது: கென்யாவின் ஜோகிந்தர் சிங் 1974-இலும் 1976-இலும் சஃபாரி ராலியை வென்றது ஒரு லான்சரில்தான். ‘பறக்கும் சீக்கியர்’ என்பது அவருடைய பட்டப்பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவோ 1993 மொன்டே கார்லோவில் அறிமுகமாகி, முதல் வெற்றிக்கு 1995 வரை காத்திருந்தது. சுவீடனில் கென்னத் எரிக்சன் முதலாவதாகவும் பின்லாந்தின் டொம்மி மாக்கினென் இரண்டாவதாகவும் வந்தனர். மறு ஆண்டு மாக்கினென் ஒன்பது ராலிகளில் ஐந்தை வென்று பட்டத்தைத் தூக்கிச் சென்றார். அது எளிதான ஆண்டு.

1997-இல்தான் உண்மையான சோதனை தொடங்கியது. அவ்வாண்டு ‘வேர்ல்ட் ராலி கார்’ என்ற புதிய விதி வந்தது. இனி ஆயிரக்கணக்கில் டர்போ கார் விற்க வேண்டியதில்லை. சாதாரணக் குடும்பக் காரை எடுத்து, அதற்கு இல்லாத டர்போவையும் நான்கு சக்கர இயக்கத்தையும் போட்டிக்காக மட்டும் பொருத்திக்கொள்ளலாம். சஸ்பென்ஷனையும் பெருமளவு மாற்றிக்கொள்ளலாம். டொயோட்டா கொரோலா, பின்னர் பெஜோ 206 எல்லாம் இப்படி வந்தவை. டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட பெஜோ 206-ஐக் கடையில் யாரும் வாங்கியிருக்க முடியாது. அப்படி ஒன்று விற்கப்படவே இல்லை. சுபாருவும் ஃபோர்டும் புதிய விதிக்கு மாறின. மிட்சுபிஷி மட்டும் பழைய குரூப் ஏ-இலேயே நின்றது. எவோவை விற்பதே அதன் வணிகம். விற்கும் காரே வெல்ல வேண்டும் என்பது அதன் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தின் விலை 1997-இன் கடைசி ராலியில் தெரிந்தது. சுபாருவின் காலின் மெக்ரே அந்த ஆண்டு ஐந்து ராலிகளை வென்றார், மாக்கினென் நான்கு. பிரிட்டனில் நடந்த இறுதி ராலியில் மாக்கினெனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு புள்ளி. காய்ச்சலோடு ஓட்டி, ஆறாவதாக வந்து, அந்த ஒற்றைப் புள்ளியைப் பெற்றார். மெக்ரே அந்த ராலியையே வென்றும் 62 புள்ளிகள், மாக்கினென் 63. நான்கு பட்டங்களில் இதுவே மிகப் பெரியது என்பேன். கட்டு அவிழ்க்கப்பட்ட காரோடு, கட்டுண்ட காரில் மோதி வென்ற ஆண்டு அது.

1998-ஐப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள். அதில் நாடகம் அதிகம். பிரிட்டன் ராலியின் முதல் நாளே, சாலையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி மாக்கினெனின் கார் கான்கிரீட் கட்டையில் மோதியது. ஒரு பின்சக்கரம் போயிற்று. மூன்று சக்கரத்தில் நகர்ந்த காரைப் போலீசார் நிறுத்திவிட்டனர். டொயோட்டாவின் கார்லோஸ் சைன்ஸ் நான்காவதாக வந்தாலே பட்டம் அவருக்கு. கடைசிக் கட்டம் வரை அந்த இடத்தில்தான் இருந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது கொரோலாவின் இஞ்சின் புகைந்து நின்றது. துணை ஓட்டுநர் லூயிஸ் மோயா தலைக்கவசத்தால் கார்க் கண்ணாடியை உடைத்தார். மாக்கினென் 58, சைன்ஸ் 56. அந்த ராலியை வென்றவர் மிட்சுபிஷியின் இன்னொரு ஓட்டுநர் ரிச்சர்ட் பர்ன்ஸ். தயாரிப்பாளர் பட்டமும் மிட்சுபிஷிக்கே கிடைத்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

1999-இல் எவோ 6-உடன் நான்காவது பட்டம். தொடர்ந்து நான்கு முறை வென்ற முதல் ஓட்டுநர் மாக்கினெனே. 2000-இல் பெஜோ 206-உடன் மார்கஸ் கிரான்ஹோல்ம் அந்தத் தொடரை முடித்து வைத்தார். 2001-இன் முற்பாதியில் மாக்கினென் மொன்டே கார்லோ, போர்த்துகல், சஃபாரி மூன்றையும் பழைய குரூப் ஏ எவோவிலேயே வென்றார். எவோவில் அவர் பெற்ற ராலி வெற்றிகள் மொத்தம் 22.

பிறகு மிட்சுபிஷி மனம் மாறியது. 2001 அக்டோபரில் இத்தாலியின் சான்ரெமோவில், புதிய விதிப்படி கட்டிய எவலூஷன் ‘வேர்ல்ட் ராலி கார்’ களமிறங்கியது. விதி கொடுத்த சுதந்திரத்தோடு வந்த அந்தக் கார் ஒரு ராலியைக்கூட வெல்லவில்லை. மாக்கினென் மூன்று புள்ளிகளில் பட்டத்தை பர்ன்ஸிடம் இழந்து, சுபாருவுக்குச் சென்றார். 2005-உடன் மிட்சுபிஷி உலகப் போட்டியிலிருந்து விலகியது. கடையில் விற்ற எவோ மேலும் பத்தாண்டு வாழ்ந்து, 2015-இல் இறுதிப் பதிப்புடன் விடைபெற்றது.

புரோட்டோன் பெர்ட்

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம்.

உச்சப் பிரிவில் தொழிற்சாலைக் குழுக்கள் மோதிக்கொண்டிருந்தபோது, அதே சாலைகளில் ‘குரூப் என்’ என்ற பிரிவும் ஓடியது. இங்கே கார் ஏறத்தாழ கடையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். பாதுகாப்புக் கூண்டு, சஸ்பென்ஷன் போன்ற சிலவற்றை மட்டும் மாற்றலாம். டர்போ வளையம் 32 மில்லிமீட்டர். கோடிக்கணக்கில் செலவழிக்க முடியாத ஓட்டுநர்களின் பிரிவு இது. இதற்கும் ஓர் உலகக் கோப்பை உண்டு. உருகுவேயின் குஸ்தாவோ டிரெல்லெஸ் 1996 முதல் 1999 வரை நான்கு முறையும், ஆஸ்திரியாவின் மன்ஃபிரெட் ஸ்டோல் 2000-இலும், அர்ஜெண்டினாவின் கேப்ரியல் போசோ 2001-இலும் அதை வென்றனர். ஓட்டியது அனைவரும் எவோ. காரணம் மேலே சொன்னதுதான்: ராலிக்காகவே ஆண்டுதோறும் செதுக்கப்பட்ட கார் கடையில் கிடைக்கும்போது, வேறென்ன வேண்டும்?

2002-இல் அந்தப் பட்டத்தை வென்றவர் மலேசியாவின் கரம்ஜிட் சிங். துணை ஓட்டுநர் ஆலன் ஓ, அவரும் மலேசியரே. ஜோகிந்தருக்குப் பின் ‘பறக்கும் சீக்கியர்’ என்ற பெயர் இவரிடம் வந்து சேர்ந்தது. இப்பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியர் கரம்ஜிட். 2001, 2002 இரண்டு ஆண்டுகளிலும் ஆசிய-பசிபிக் ராலிப் பட்டமும் அவருக்கே, 2004-இல் மீண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தின் குழு ஆசிய-பசிபிக் போட்டிக்கு இறக்கியதும் எவோவைத்தான் என்பதால், இந்த வட்டாரத்தில் எவோ எதிரியும் அதுவே, கூட்டாளியும் அதுவே.

கரம்ஜிட்டின் காருக்குப் பெயர் ‘புரோட்டோன் பெர்ட்’. பெட்ரோனாஸ் இஓஎன் ரேசிங் டீம் என்பதன் சுருக்கமே பெர்ட். உள்ளே இருந்தது லான்சர் எவலூஷன். இங்குதான் காப்பிக்கடைகளில் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள்: “அது மிட்சுபிஷி கார்தானே, ஸ்டிக்கர் மாத்தினா நம்மது ஆயிடுமா?”

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, பெயர் மாற்றம் மிட்சுபிஷியே செய்த காரியம். ஐரோப்பாவில் அந்நிறுவனம் கரிஸ்மா என்ற குடும்பக் காரை விற்க விரும்பியது. ஆகவே 1998-இல் பர்ன்ஸும், அதன்பின் பெல்ஜியத்தின் ஃபிரெடி லோய்க்ஸும் ஓட்டிய எவோக்கள் ‘கரிஸ்மா ஜிடி’ என்ற பெயரில் பதிவாயின. அந்தப் பெயரில் கிடைத்த வெற்றியைப் போலி என்று யாரும் எழுதவில்லை. புரோட்டோனுக்கும் லான்சருக்கும் உள்ள உறவோ அதைவிட நெருக்கம். வீராவின் உடலும் முதல் எவோவின் உடலும் ஒரே அச்சில் வார்த்தவை.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியமானது. குரூப் என் பிரிவில் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே கார்தான். டிரெல்லெஸ் ஓட்டியதும் போசோ ஓட்டியதும் கடையில் கிடைக்கும் எவோவே. அவர்களில் எவரும் அதைத் தம் நாட்டில் செய்யவில்லை. பணக்காரக் குழு இரகசியமாகக் கட்டிய சிறப்புக் கார் எதுவும் இடையில் இல்லாததால், கடிகாரம் அளந்தது பெரும்பாலும் ஓட்டுநரையும் துணை ஓட்டுநரையும் மெக்கானிக்குகளையும்தான். உச்சப் பிரிவில் ஒரு மலேசியருக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது. அங்கே வேண்டியது ஒரு தொழிற்சாலை. இங்கே வேண்டியது ஓர் எவோவும், நல்ல கையும், பக்கத்தில் தவறாமல் வாசிக்கும் ஒரு குரலும். ஆகவே போனட்டின் மேல் என்ன பெயர் ஒட்டியிருந்தது என்பதைவிட, அந்த ஆண்டு எவோ ஓட்டிய அத்தனை பேரிலும் வேகமானவர்கள் கரம்ஜிட்டும் ஆலன் ஓவும் என்பதே பட்டியல் சொல்லும் செய்தி.

அடுத்த முறை தாமானில் பெரிய வாய் பம்பரோடு ஒரு வீரா நிற்கக் கண்டால், அதன் உரிமையாளரிடம் 2002-ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாக்கினெனைத் தெரிந்திருக்கும். கரம்ஜிட்டைத் தெரியவில்லை என்றால், இந்த இதழை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். நமக்கு இன்னொரு பிரதி கிடைக்கும்.